நான்கு முறை தோற்றவர்



விடைத்தாள் கொடுத்த மறுநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களை நினைத்தால் எனக்கு இவான் லெண்டில் நினைவுக்கு வருவார்.

செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த டென்னிஸ் வீரர். எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர். 270 வாரங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தவர். ஆனால் முதலில் ஆடிய நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் அவர் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஐந்தாவது, 1984-இல் பாரிஸில். மெக்கன்ரோவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்த பிறகு, மீதி மூன்றையும் வென்றார்.

விம்பிள்டன் மட்டும் அவருக்குக் கிட்டவே இல்லை. இரண்டு முறை இறுதிவரை போனார். 1990-இல் புல்தரையில் பயிற்சி எடுப்பதற்காகப் பிரெஞ்சு ஓப்பனையே ஆடாமல் விட்டார். அந்த ஆண்டும் அரையிறுதியோடு சரி. 1994-இல் முதுகுவலி அவரை ஓய்வுபெற வைத்தது.

2012 தொடக்கத்தில் ஆண்டி முர்ரேவுக்குப் பயிற்சியாளர் ஆனார். முர்ரே அதற்குள் மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் தோற்றிருந்தார். மூன்றிலும் ஒரு செட்கூட எடுக்கவில்லை. அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் பெடரரிடமிருந்து முதல் செட்டை எடுத்தார். ஆனாலும் தோற்றார்; மைக்கின் முன்னால் நின்று அழுதார். குருவைப் போலவே நான்கு தோல்வி! நம் மதிப்பெண் பதிவேட்டில் அந்த ஒரு செட்டை எழுத இடமே இருக்காது.

நான்கு வாரம் கழித்து, அதே ஆடுகளத்தில், அதே பெடரரை வீழ்த்தி முர்ரே ஒலிம்பிக் தங்கம் வென்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன். 2013-இல் விம்பிள்டன்: ஆண்கள் ஒற்றையரில் ஒரு பிரிட்டன் வீரர் 77 ஆண்டுகளுக்குப் பிறகு வென்ற பட்டம் அது. தனக்குக் கிட்டாத கோப்பைக்குத்தான் லெண்டில் தம் மாணவரைத் தயார் செய்திருக்கிறார்.

நான் கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்பில் முதல் முறை கணக்கில் தேறாதவன். பல ஆண்டுகள் அதை வகுப்பில் மறைத்தேன். மரியாதை போய்விடுமே என்ற பயம். சென்ற ஆண்டு, அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று சொல்லிவிட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் எழுந்தான்.

“எத்தனை மார்க் சார்?”

“இருபத்தெட்டு.”

தன் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“நான் முப்பத்தொண்ணு சார்.”