நம்மை எண்ணுகிறவர்களும் நாமும்

(தாராவியில் நம் சங்கத்தின் மாணவர் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறீர்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சற்று முன் மேடையில் கேட்டோம். காமர்ஸ், கம்ப்யூட்டர், நர்சிங் என்றார்கள். ஒரு பெண் மட்டும் சமூகவியல் என்றாள். பின்வரிசையில் சிரிப்பு. “அதைப் படிச்சா யாரு அண்ணாச்சி சோறு போடுவா?” என்று ஓர் அத்தை கேட்டதும் நம் காதில் விழுந்தது. கேள்வி நியாயமானது. இன்று பேச எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டு அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறோம்.

செம்பூரைத் தாண்டி தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நம்மில் பலர் அதன் வாசல் வழியே பஸ்ஸில் போயிருப்போம். உள்ளே போனவர்கள் சிலர். 1936-இல் நாக்பாடாவில், கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் முயற்சியில், சமூகப் பணிப் பள்ளியாகத் தொடங்கியது. 1944-இல் இப்போதுள்ள பெயர் வந்தது. 1954-இல் தேவனாருக்கு வந்தார்கள். 1964-இல் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 1986-இல் துல்ஜாபூரிலும், பிறகு ஐதராபாத்திலும் குவஹாத்தியிலும் வளாகம் திறந்தார்கள். தொழிலாளர், குழந்தை நலம், மருத்துவ சமூகப் பணி, குற்றவியல் என்று துறைகள் பெருகின.

சோறு எங்கே என்கிறீர்களா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அதிகாரி வைக்கச் சொன்னது. அந்த நாற்காலிகளுக்கு ஆள் தயாரித்தது இத்தகைய படிப்புதான். சயான் ஆஸ்பத்திரியில் டிரஸ்ட் உதவிக்கு எழுதிக் கொடுக்கும் சமூகப் பணியாளரும் இதைப் படித்தவரே. நாம் அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றிருக்கிறோம். மேசைக்குப் பின்னால் நம் பிள்ளை உட்காரக் கூடாதா?

சோற்றைவிடப் பெரிய காரணமும் உண்டு. நம்மைப் பிறர் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். 1960-களில் ‘மார்மிக்’ ஏடு கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966-இல் சிவசேனை பிறந்தது. இட்லிக் கடைகளுக்கு என்ன நேர்ந்தது என்று மாட்டுங்காவில் முதியவர்களைக் கேளுங்கள். பம்பாயில் நான்கு தென்னிந்திய மொழிக்காரர்களையும் சேர்த்தாலும் அன்று பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல அப்போது நம்மிடம் ஆள் இல்லை. அமெரிக்காவிலிருந்து மேரி கட்சென்ஸ்டீன் வந்து ஆராய்ந்து 1979-இல் நூலாக்கினார். தாராவியில் ஆதிதிராவிடர்கள் அரசியலில் அணிதிரண்ட கதையை 1974-இல் ஓவன் லிஞ்ச் என்ற இன்னொரு அமெரிக்கர் ஆங்கில வார ஏட்டில் எழுதினார். நம் தாத்தாக்கள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தாத்தாவின் பேச்சைப் பேரன் படிக்க வேண்டுமானால் இன்று ஆங்கில நூலகத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமூகவியல் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் பாட்ரிக் கெடிஸ். அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதியிருந்தார். தெருவை நேராக்குகிறேன் என்று வீடுகளை ஒட்டுமொத்தமாக இடிக்காதீர்கள், குடியிருப்பவர்களை விரட்டாமல் சிறு திருத்தங்களால் சரிசெய்யுங்கள் என்பது அவர் வாதம். நூறு ஆண்டுக்கு முன் சொன்னது! இன்றைய தாராவித் திட்டக்காரர்கள் யாராவது படித்திருக்கிறார்களா தெரியவில்லை.

2024 மார்ச்சில் தாராவிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்றார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே என்றார்கள். ஏணி வைத்து ஏறும் மேல் கோலியில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர் என்ன ஆவார்? ஃபாரத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் அவர் விதி. அந்தக் கட்டங்களைப் போடக் கற்றுத் தருவதுதான் அத்தை, அந்தப் படிப்பு.

சரி, போவதற்கு வழி? இதில்தான் நம் ஆட்கள் இடறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆதிதிராவிடருக்கு மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீடு கிடையாது. 1990-இல் சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. 1994-இல் மகாராஷ்டிர வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் இந்தக் கதிதான். ஆனால் மத்திய அரசின் நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லும். தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றைக் காட்டினால், இங்குள்ள அதிகாரி பிள்ளைக்குச் சான்று தரலாம். ஆகவே ஊருக்குப் போகும்போது தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கொடைக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே போனால் எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டோம். உதவித்தொகையில் படித்தவர்களுக்கு விடுதி, சாப்பாட்டுக் கட்டணச் சலுகையை நிறுத்தியபோது, 2018 பிப்ரவரியில் நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூன் கடைசியில் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக நூறு பேருக்கு மேல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று கடிதம் போனது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டொரு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வளாகம் வளர்ந்தால் போதாது. அதில் பாடம் சொல்கிறவருக்கு வேலை நிலைக்க வேண்டும், ஏழைப் பிள்ளைக்கு இலையில் சோறு விழ வேண்டும். இது ஆலைத் தொழிலாளிக்குப் புரியாத விஷயமல்ல.

நுழைவுத் தேர்வுக்கு நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். அதற்காக ஞாயிறு காலையில் சங்க அறையைத் திறந்து வைக்கிறோம். சமூகவியல் என்று சொன்ன பெண்ணிடம் ஏற்கெனவே பேசிவிட்டோம். அவளும் இன்னும் நான்கு பிள்ளைகளும் முதல் வேலையாக நம் சந்தின் மேல் கோலிகளை வீடு வீடாகக் கேட்டு எழுதப் போகிறார்கள். யார், எந்த ஆண்டிலிருந்து, என்ன சான்று என்று மட்டும் கேட்பார்கள். போட்டோ பாஸ், பழைய ரேஷன் கார்டு, கரண்டு பில் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். கதவைத் தட்டினால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள்.