கவரில் வந்த கெளுத்திக் குஞ்சுகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை ஏத்தி விட்டாங்க. பாதியில மறந்துபோய் இறங்கி வந்துட்டேன். அதனால இப்போ நோட்டுல எழுதி வெச்சுதான் வாசிக்கிறேன். தலைவி அக்கா என்னோட அழகு மீன் தொழிலைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எல்லாத்தையும் பேசினா சாப்பாட்டு நேரம் வந்துடும். அதனால ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். வெளியூர்லேருந்து கவர்ல வந்து இறங்குற கெளுத்திக் குஞ்சை வீட்டுத் தொட்டியில எப்படி விடணும்ங்கிறதுதான் அது. நான் பணம் விட்டதும் அதுலதான், பிடிச்சதும் அதுலதான்.

கெளுத்தின்னதும் நாம குழம்பு வைக்கிற கெளுத்தின்னு நினைச்சுடாதீங்க. அரசாங்கம் வளர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இல்லை. இது ரெண்டு விரக்கடை நீளம்தான் இருக்கும், மீசை வெச்ச சின்ன மீன். கோரின்னு சொல்லுவாங்க. பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். தொட்டிக்கு அடியில கூட்டமா மண்ணைக் கிளறிக்கிட்டே திரியும். பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல்ல குழுவுல உள்கடன் 10,000 ரூபாய் வாங்கினேன். தாழ்வாரத்துல மூணு அடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, அதை விடச் சின்னதா இன்னொண்ணு, ஏர் மோட்டார், ஸ்பாஞ்ச் பில்டர் எல்லாம் வாங்கினேன். முதல்ல கப்பி மீன் விட்டேன். அது நல்லா பெருகிச்சு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க ஜோடி இருபது ரூபாய்க்கு வாங்கிட்டுப் போச்சுங்க. அந்தத் தைரியத்துல சென்னை கொளத்தூர்ல மீன் வளர்க்கிற ஒருத்தர்கிட்ட போன்ல பேசி நாப்பது கோரி சொன்னேன். ஒண்ணு முப்பது ரூபாய். சாயங்காலம் அங்கே பஸ்ஸுல ஏத்தினாங்க. விடியற்காலை துறையூர் பஸ் ஸ்டாண்டுல பெட்டியை வாங்கினேன்.

வாங்கின உடனே வீட்டுக்கு வந்தேனான்னா, இல்லை. அன்னைக்கு நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுத்திருந்தேன். பெட்டியைத் திண்ணையில வெச்சுட்டுப் போயிட்டேன். பதினொரு மணிக்கு வந்து பார்த்தா பெட்டி மேல வெயில் அடிக்குது. கவரைத் தொட்டா சூடு. பதறிப்போய்க் கவரைக் கிழிச்சு, தண்ணியோட அப்படியே தொட்டியில கவுத்துட்டேன். அது கப்பி இருந்த பெரிய தொட்டி. முந்தின நாள் சாயங்காலம்தான் பாதித் தண்ணியை மாத்தி, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி ஊத்தியிருந்தேன். டேங்குல பிளீச்சிங் பவுடர் போட்ட நாள் அது. அந்த வாடை எனக்குத் தெரிஞ்சுது, ஆனா குடிக்கிற தண்ணிதானேன்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நேரம் சுத்தி ஓடுச்சுங்க. சாயங்காலம் ஒண்ணொண்ணா பக்கவாட்டுல சாய ஆரம்பிச்சுது. மறுநாள் காலையில இருபத்து மூணு செத்துக் கிடந்தது. எங்க அத்தை ஒரு வார்த்தை பேசலை, முறத்தைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அதோட முடியலை. ஒரு வாரம் கழிச்சு கப்பி மேல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துச்சு. கவர் தண்ணியில வந்ததா, மீன்லயே இருந்து வந்ததா தெரியாது. டவுன்ல ஒரு கடையில கேட்டேன். நீல மருந்தும் கல் உப்பும் போடச் சொன்னாங்க. போட்டேன். கப்பியில பாதி பிழைச்சுது. மிச்சமிருந்த பதினேழு கெளுத்தியில நாலுதான் தங்கிச்சு. கடைக்காரரைச் சொல்லிக் குத்தமில்லை. கப்பிக்குன்னுதான் நான் கேட்டேன். அதே தொட்டியில கெளுத்தியும் இருக்குதுன்னு சொல்லவே இல்லை.

அக்காமாரே, இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமா இருக்குது. ரெண்டு வாரக் கூட்டத்துல நான் இதைச் சொல்லவே இல்லை. "மீன் எப்படிம்மா போகுது?"ன்னு கேட்டாங்க, நல்லாப் போகுதுன்னு சொன்னேன். எங்க அண்ணன்கிட்ட கைமாத்து வாங்கித்தான் தவணை கட்டினேன். மூணாவது வாரம் முடியலை. சொல்லிட்டேன். ஒரு அக்கா, "நாம வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த பணத்தை இவ தண்ணியில விட்டுட்டா"ன்னாங்க. அவங்க சொன்னது சரிதான், தண்ணியிலதான் விட்டேன். கடைசியில ரெண்டு மாசம் வட்டி மட்டும் கட்டட்டும்னு தீர்மான நோட்டுல எழுதினாங்க. அந்தப் பக்கத்தை நான் போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். மீன் வளர்ப்புக்கு ஒரு நாள் பயிற்சி நடந்துச்சு, போனேன். கொளத்தூர்க்காரரும் போன்ல ரொம்பப் பொறுமையா சொல்லிக் கொடுத்தார். ஏன் செத்துச்சுன்னு புரிஞ்ச பிறகுதான் எப்படி விடணும்னே புரிஞ்சுது.

மாட்டுக் கொட்டகையில மூத்திரம் தேங்கினா மூக்கை அடிக்குமே, அந்த வாடைதான் அம்மோனியா. மீன் விடுற கழிவுலயும் அது இருக்குது. ராத்திரி முழுக்கக் கட்டின கவருக்குள்ள அது சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஆனா மீன் விடுற மூச்சுல கரியமில வாயுவும் தண்ணியில கலந்து தண்ணி லேசாப் புளிச்சுப் போயிருக்கும். அந்தப் புளிப்பு இருக்கிற வரைக்கும் அம்மோனியாவுக்கு வீரியம் கம்மி. கவரைத் திறந்ததும் வாயு வெளியே போயிடும், புளிப்பு குறையும், அம்மோனியாவுக்கு வீரியம் ஏறிடும். அதனால நீண்ட நேரம் பயணம் பண்ணின மீன் கவரைத் திறந்து வெச்சுட்டு வேற வேலை பார்க்கக் கூடாது. மூடின கவரா இருக்கும்போது எவ்வளவு நிதானம் வேணுமோ, திறந்த பிறகு அவ்வளவு கவனம் வேணும்.

ரெண்டாவது தடவை இருபதுதான் சொன்னேன். கூட்டத்துல என்னைத் திட்டின அதே அக்கா, "நானும் வந்து பார்க்கிறேன், என் பணமும் அதுல இருக்குது"ன்னு விடியற்காலை அஞ்சரை மணிக்கே வந்துட்டாங்க.

இந்தத் தடவை தண்ணி மூணு நாளுக்கு முன்னாடியே பிடிச்சு, வாய் அகலமான டிரம்முல திறந்து வெச்சு மோட்டார் ஓட விட்டிருந்தேன். குளோரின் தானாப் போயிடும். புது மீனைப் பழைய மீனோட சேர்க்காம, காலியா இருந்த சின்னத் தொட்டியில விட ஏற்பாடு பண்ணினேன். பெரிய தொட்டியில ஓடின பில்டர் ஸ்பாஞ்சை அந்தத் தண்ணியில பிழிஞ்சு விட்டேன். பார்க்க அழுக்குதான். ஆனா கழிவைத் தின்னு அம்மோனியாவை மாத்துற நல்ல கிருமி அதுலதான் இருக்குது. தயிருக்கு உறை ஊத்துற மாதிரின்னு வெச்சுக்கங்க. உறை ஊத்தினா உடனே தயிர் ஆகிடுமா? அதனால மீன் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நாலஞ்சு கப்பியை விட்டுத் தொட்டியைப் பழக்கி, அப்புறம் அதுங்களை எடுத்துட்டேன். அடியில கூர்மையான ஜல்லி போடாம, நல்லாக் கழுவின மெல்லிசு ஆத்து மணல் போட்டேன். கரடுமுரடா இருந்தா கோரியோட மீசை தேஞ்சு புண்ணாகிடும். ஒளிஞ்சுக்க உடைஞ்ச மண்சட்டி ரெண்டைக் கவுத்து வெச்சேன்.

தாழ்வாரத்து லைட்டை அணைச்சுட்டுக் கவரை மூடினபடியே தொட்டியில மிதக்க விட்டோம். இருபது நிமிஷம். அந்த அக்கா நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தாங்க. உள்ளே வெளியே ஒரே சூடு ஆன பிறகு கவரைத் திறந்து மீனோட ஒரு சின்ன வாளிக்கு மாத்தினேன். தொட்டித் தண்ணியில அரை டம்ளர் மோந்து ஊத்தினேன். மூணு நிமிஷம் கழிச்சு இன்னொரு அரை டம்ளர். இப்படி அஞ்சாறு தடவை, கால் மணி நேரத்துல முடிஞ்சுது. உள்ளூர்க் கடையில வாங்கி ஒரு மணி நேரத்துல வீடு வந்த மீனுக்கு இன்னும் நிதானமா ஊத்தலாம். ராத்திரி பூரா வந்த மீனுக்கு இதுக்கு மேல இழுக்கக் கூடாது.

இதுக்கப்புறம் வலையை எடுக்காதீங்க. கெளுத்தி முள்ளு குத்தினா எப்படிக் கடுக்கும்னு குளத்துல மீன் பிடிச்சு வளர்ந்தவங்களுக்குத் தெரியும். இந்தச் சின்ன ஜாதிக்கும் பக்கத் துடுப்புலயும் முதுகுலயும் முள்ளு உண்டு. பயந்தா விரைச்சு நிமிர்த்திக்கும், வலையில மாட்டிக்கும். இழுத்தா துடுப்பு கிழியும். நான் பிளாஸ்டிக் டப்பாவால மோந்து, தண்ணியை விரலிடுக்குல வடிச்சுட்டு, மீனை மட்டும் தொட்டியில விட்டேன். கவர் தண்ணி ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குப் போகலை. வாளியோட கொல்லையில வாழைக்கு ஊத்தியாச்சு.

இருபதும் சட்டிக்குள்ள போய் ஒண்டிக்கிச்சு. அன்னைக்குத் தீனி போடலை. அனுப்புறவங்களே ஒண்ணு ரெண்டு நாள் பட்டினி போட்டுத்தான் அனுப்புவாங்க, கவர் அசிங்கமாகக் கூடாதுன்னு. நமக்கு மனசு கேட்காது, வந்த விருந்தாளிக்குச் சோறு போடலையேன்னு. ஒரு நாள் பொறுத்துக்கணும்.

அன்னைக்கு ராத்திரி ஒரு கூத்து. பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். ஒண்ணு சர்ருன்னு மேலே போய் வாயைத் திறந்து காத்தைக் குடிச்சுட்டுக் கீழே வருது. பின்னாடியே இன்னொண்ணு. போச்சு, இதுவும் மூச்சு முட்டிச் சாகப் போகுதுன்னு எங்க வீட்டுக்காரரை எழுப்பி, அந்த நேரத்துல கொளத்தூருக்குப் போன் போட்டேன். அவர் தூக்கத்துலயே சொன்னார்: "அது அப்பப்போ மேல வந்து காத்துக் குடிக்கும்மா, அதோட குணம் அது. விடாம மேலயே நின்னு தவிச்சாத்தான் பயப்படணும்." நான் மன்னிப்புக் கேட்டுட்டு வெச்சேன்.

ரெண்டு வாரம் அந்தத் தொட்டியிலயே தனியா வெச்சுப் பார்த்தேன். ஒண்ணு மட்டும் மூணாம் நாள் செத்துச்சு, மத்த பத்தொன்பதும் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் பெரிய தொட்டி. மருந்து விஷயத்துல ஒண்ணு சொல்லணும். குழம்புக் கெளுத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத்தானே கழுவுறோம், செதில் உரிக்கிறோமா? இந்தச் சின்னதுக்கு உடம்பு மேல ஓடு மாதிரி இருக்கும், ஆனா செதில் கிடையாது. மருந்தும் உப்பும் அதுக்குச் சீக்கிரம் உறைக்கும். அதனால இப்போ மருந்து கேட்கும்போதே கெளுத்தி இருக்குதுன்னு சொல்லிடுவேன். டப்பாவுல போட்டிருக்கிற அளவுல பாதிதான் ஆரம்பிப்பேன். உப்பு போடவே மாட்டேன்.

வாங்கிட்டுப் போறவங்க நிறைய பேர், "இது அழுக்கைத் தின்னுக்கும், தீனி வேண்டாம்ல?"ன்னு கேட்கிறாங்க. அது தப்பு. மத்த மீன் சிந்தினதைப் பொறுக்கும், ஆனா அதை மட்டும் நம்பினா மெலிஞ்சுடும். அடியில முங்குற தீனியை, லைட் அணைச்ச பிறகு கொஞ்சம் போடணும். தனியா ஒண்ணு கேட்டா நான் கொடுக்கிறதில்லை. அஞ்சாறாவது கூட்டமா இருந்தாத்தான் அது பயமில்லாமத் திரியும்.

சக்கர் மீன் கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டிக் கண்ணாடியை நக்குற கறுப்பு மீன், அதுவும் கெளுத்தி இனம்தான். விரல் நீளத்துல வாங்கினா ஒரு அடிக்கு மேல வளரும். தொட்டி பத்தலைன்னு கிணத்துல, ஏரியில விட்டுடறாங்க. தமிழ்நாட்டுல எத்தனையோ நீர்நிலைகள்ல அது பெருகி, வலையைக் கிழிக்குது, நம்ம ஊர் மீனுக்கு இடைஞ்சலா இருக்குது. நான் அதை விக்கிறதை நிறுத்திட்டேன். யார் வீட்டுலயாவது பெருசாகி இருந்தா என்கிட்டயே திருப்பிக் கொடுங்க, சிமெண்டுத் தொட்டியில வெச்சுக்கிறேன். ஏரியில மட்டும் விடாதீங்க.

உள்கடன் முழுசும் போன தை மாசம் முடிச்சுட்டேன். அண்ணன் கைமாத்தும் கொடுத்தாச்சு. கொல்லையில பெரிய அளவுல போட ஆசை இருக்குது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல வீட்டுக் கொல்லையில அழகு மீன் வளர்க்கிறதுக்கும் உதவி கொடுத்தாங்க, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம்னு இருந்துச்சு. விவரம் மீன்வளத் துறை ஆபீஸுல கேட்கணும். எங்க குழுவுல மூணு பேர் சேர்ந்து போறதா இருக்கோம். அதுல ஒருத்தர், கூட்டத்துல என்னைத் திட்டின அந்த அக்காதான்.

அடுத்த பார்சல் வர்ற வெள்ளிக்கிழமை. பார்க்க வர்றவங்க ஆறு மணிக்குள்ள வந்துடுங்க. லைட் போடக் கேட்காதீங்க.