கதவைத் தட்டிய அதிகாரி

1986இல் மொன்றியலில் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்தவர்களின் வீட்டுக் கதவைப் பரிசோதகர்கள் தட்டத் தொடங்கினார்கள். தனியாள் என்று பதிந்தவர் யாருடனாவது குடும்பம் நடத்துகிறாரா என்று பார்க்கத்தான் வந்தார்கள். சனங்கள் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூபூ மக்கூத்'. பூபூ என்பது அப்போதைய கியூபெக் மாகாண முதல்வர் புறாசாவின் செல்லப்பெயர். மக்கூத், ஹெயிட்டி சர்வாதிகாரி துவாலியேயின் அடியாட்படை. ஹெயிட்டியர் நிறைந்த நகரத்தில் அந்தக் கேலி எப்படிச் சுட்டிருக்கும்!

பரிசோதகரை விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் லேசுப்பட்டவரா? "கை கால் நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன வருத்தம்?" கோயில் வாசலில் நம்மவரும் கேட்கிற கேள்விதான். முதுகுவலியும் மனநோயும் வெளியே தெரிவதில்லையே.

கியூபெக்கில் 2023 ஜனவரியில் அடிப்படை வருமானத் திட்டம் வந்தது. வேலை செய்வதற்குக் கடுமையான தடை உள்ளவர்களுக்கானது. துணையின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கணக்கில் வரும். துணையைத் தேடிக் கதவு தட்டிய காலத்துக்கு இது நல்ல மாற்றம். ஆனால் பொதுவாக, கடந்த 72 மாதங்களில் 66 மாதங்கள் அந்தத் தடையோடு உதவிப் பணத்தில் இருந்திருக்க வேண்டும். ஐந்தரை வருடம்! இவ்வளவு காத்திருப்பவரையா சோம்பேறி என்கிறோம்?

2025 ஜூலையில் கனடாவின் மத்திய அரசும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கொடுப்பனவைத் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் கூடியபட்சம் 200 டொலர். அதற்கு முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச்சலுகைச் சான்றிதழ் வேண்டும். அதற்கான படிவத்தை நிரப்ப டொக்டரிடமோ வேறு மருத்துவ நிபுணரிடமோ போகவேண்டும்.