ஒலியில் உறவு, பொருளில் பிரிவு



கல்லூரியில் பேச்சுக் கழகத்தின் செயலாளனாக நான் இருந்த காலம். எங்கள் போட்டிக்கு நடுவராக வந்து, வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராது தீர்ப்புக் கூறிய பெரியவர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதினேன். 'டிஸ்இன்ட்டரெஸ்டெட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அன்இன்ட்டரெஸ்டெட்' என்று எழுதிவிட்டேன். நடுவுநிலை பிறழாதவர் என்று புகழ எண்ணியவன், போட்டியில் சிறிதும் அக்கறையற்றவர் என்று ஏசிவிட்டேன்! கடிதம் திரும்பி வந்தது. அந்தச் சொல்லின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு, வேறொன்றுமில்லை. மன்னிப்புக் கோரி எழுதினேன், மறுமொழி வரவில்லை.

பிழை எங்கே பிறந்தது? 'இன்ட்டரெஸ்ட்' என்னும் சொல்லுக்கு ஆர்வம் என்பதும் பொருள். ஆதாயம் என்பதும் பொருள். கடனுக்குரிய வட்டிக்கும் அதுவே பெயர். 'டிஸ்' சேர்ந்தால் ஆதாயம் நாடாமை. 'அன்' சேர்ந்தால் ஆர்வம் இல்லாமை. நீதிபதிக்கு முன்னது அணி, பின்னது இழுக்கு. ஆங்கிலேயருள்ளும் இவ்விரண்டையும் மயங்கி வழங்குவோர் உண்டு. எனினும் தேர்ந்த எழுத்தாளர் பலர் இவ்வேறுபாட்டைப் போற்றுகின்றனர்.

இவ்வாறே 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' என்னும் இரண்டையும் காண்க. 1947 ஆகஸ்டு 15 'ஹிஸ்டாரிக்' நாள். வரலாற்றில் நிலைத்த சிறப்புடையது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 'ஹிஸ்டாரிக்கல்' நாவல். கடந்த காலத்தைக் களமாகக் கொண்டது. முன்னது பெருமையைச் சொல்கிறது. பின்னது தொடர்பை மட்டுமே சொல்கிறது.

இன்னும் ஓர் இணை: 'எக்கனாமிக்', 'எக்கனாமிக்கல்'. 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் நாட்டின் பொருளாதாரம் பற்றியது. ஆகவே 'எக்கனாமிக்' திட்டம். குறைந்த விறகில் சோறு வேகும் அடுப்பு 'எக்கனாமிக்கல்' அடுப்பு. இடம் மாற்றிச் சொன்னால், திட்டம் செலவு குறைந்ததாகிவிடும். அடுப்போ பொருளாதார ஆராய்ச்சி செய்யத் தொடங்கிவிடும்!

இம்மயக்கத்திற்கு மருந்து என்ன? நம் தாய்மொழியே. ஐயம் எழும்போது, சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நடுவுநிலையா, அக்கறையின்மையா? வரலாற்றுச் சிறப்பா, வரலாற்றுத் தொடர்பா? பொருளாதாரமா, சிக்கனமா? ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கி நின்று மயக்குவன, தமிழில் வெவ்வேறு சொற்களாய் விலகி நின்று தெளிவு தரும். அதன்பின் அகராதியைத் திறந்து, எண்ணிய பொருளுக்குரிய சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அகராதியைப் புரட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தி, நான் ஒரு நல்லவரின் மனத்தைப் புண்படுத்தினேன். மறு ஆண்டுப் போட்டிக்கு அவரை அழைத்தோம், அவர் வரவில்லை. சிவப்புக் கோடிட்ட அக்கடிதம் இன்றும் என் அகராதிக்குள்ளேயே இருக்கிறது.