செம்மரம் காக்கும் நிதியில் மலைமக்களின் பங்கு எங்கே?

(திருப்பதியில் தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களைக் காக்க உலக நாடுகள் எவ்வாறு நிதி திரட்டுகின்றன, எவ்வாறு ஒருங்கிணைந்து செயல்படுகின்றன என்று பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இதை ஜெனீவாவில் தொடங்க வேண்டும், மாண்ட்ரீலில் தொடங்க வேண்டும் என்று நான் கருதவில்லை. இந்த அரங்கின் வாசலில் நின்று வடக்கே நோக்கினால் தெரியும் சேஷாசல மலையிலிருந்தே தொடங்கலாம்.

தெலுங்கில் எர்ர சந்தனம் என்றும் தமிழில் செம்மரம், செஞ்சந்தனம் என்றும் வழங்கும் மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பெயரில்தான் சந்தனம்; மணம் கிடையாது. அதன் மதிப்பெல்லாம் செந்நிற வைரத்தில் இருக்கிறது. அவ்வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் அரச மரபு நாற்காலிகளுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்புக் கருவியின் தண்டுக்கும் இம்மரம் வேண்டப்படுகிறது. வாங்குவோர் அங்கே, வெட்டுவோர் சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும், வெட்டப்படுவது இங்கே. இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் பொருள் விளங்கும்.

1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டஸ் உடன்படிக்கை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1995 முதல் செம்மரம் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2004 முதல் இந்தியா இம்மரத்தின் பொருட்டுத் தனி மேலாய்வின்கீழ் வைக்கப்பட்டு, 2023 நவம்பரில்தான் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. வெற்றி என்று அரசு அறிவித்தது. கட்டுப்பாடு தளரும்போது யாருக்கு வழி திறக்கிறது என்பதை நாம் கேட்க வேண்டும்.

இனி நிதிக்கு வருவோம். 2022 டிசம்பரில் மாண்ட்ரீலில் கூடிய நாடுகள், 2030க்குள் ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவதென இலக்கு வைத்தன. அதில் வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலரும், 2030க்குள் 3,000 கோடி டாலரும் தர வேண்டும். உலகிலேயே பெரிய பொருளாதாரமான அமெரிக்கா 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மய உடன்படிக்கையில் இன்றுவரை உறுப்பு நாடாகவே இல்லை. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாடு, நிதி குறித்து முடிவெடுக்க இயலாமல் கலைந்து, 2025 பிப்ரவரியில் ரோமில் மீண்டும் கூடவேண்டியதாயிற்று. கொடுக்க வேண்டியவர் கை சுருங்கும்போது மாநாடு நீளும். இதில் வியப்பில்லை.

ஆனால் வெளிநாட்டுப் பணத்தை மட்டும் பார்த்துக் குறைகூறுவது நமக்கு எளிது. உள்நாட்டில் வரும் பணம் எங்கே போகிறது? 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மயச் சட்டமும் 2010இல் நகோயாவில் உருவான நெறிமுறையும் ஒரே கொள்கையைச் சொல்கின்றன: ஓர் உயிர்வளத்தால் ஈட்டும் வருவாயில் அவ்வளத்தைப் பேணியவர்களுக்குப் பங்குண்டு. அதன்படி செம்மரம் போன்ற விலைமிக்க வளங்களின் ஏலத்தொகையில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் பயன்பகிர்வாகச் செலுத்த வேண்டும் என 2014இல் விதி செய்தனர். சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய உயிர்ப்பன்மய ஆணையம் அத்தொகையைப் பகிர்ந்தளிக்கிறது. 2025இல் சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் 48 ஊர்களில் செம்மரம் வளர்த்த 198 உழவர்களுக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குமாக மூன்று கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆந்திர வனத்துறைக்கு அதற்கு முன்னரே சென்றது இதைவிடப் பன்மடங்கு.

உழவர் பெற்றதை நான் குறைசொல்லவில்லை; பெறவேண்டியதுதான். சொந்த நிலத்தில் மரம் நட்டவருக்குப் பங்கு வந்தது. நிலமே இல்லாதவருக்கு?

2015 ஏப்ரல் 7 அதிகாலை. சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில் இருவேறு இடங்களில் இருபது பேரை ஆந்திரச் சிறப்பு அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். பலர் மலைவாழ் பழங்குடியினர். கோடரியும் கல்லும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. உடன்வந்தவர்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர் எனத் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். அன்று என் மேசைக்கு மொழிபெயர்ப்புக்காக வந்த தெலுங்குச் செய்திகள் ஒன்றில் 'கூலீலு' என்றிருந்தது. மற்றொன்றில் 'ஸ்மக்லர்லு' என்றிருந்தது. இறந்தவர்கள் அதே இருபது பேர். எந்தச் சொல்லைத் தமிழாக்குவதென்று நான் தயங்க நேரவில்லை. கடத்தல்காரன் கையில் கோடரியோடு மலையேறுவதில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2013 டிசம்பரில் இதே மலையில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. மரம் உண்மையிலேயே அழிகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவுக்கு ஆளாகும் இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. ஏழை வெட்டினால் பரவாயில்லை என்று கூறுவது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. ஆனால் மலையூரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் மேஸ்திரிக்கும், துறைமுகத்தில் கொள்கலனுக்குள் கட்டையை மறைப்பவனுக்கும், கடலுக்கு அப்பால் விலைகொடுப்பவனுக்கும் இடையில் ஒருங்கிணைப்பு கச்சிதமாக இருக்கிறது. இரு மாநில அரசுகளுக்கிடையே அத்தகைய ஒருங்கிணைப்பு துப்பாக்கி நீட்டும் நேரத்தில்கூடக் காணப்படவில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். இத்துறை ஆவணங்களில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அலுவலகத் தமிழில் அதைப் 'பங்குதாரர்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் பங்குதாரர் என்றால் பங்கு உடையவர். வரவில் கைவைக்க உரிமை உள்ளவர். சவ்வாது மலையின் குடும்பத்தை அப்பட்டியலில் நான் ஒருமுறையும் கண்டதில்லை. 'விளைவுக்கு உள்ளாகுவோர்' என்று மாற்றி எழுதலாமா என எண்ணினேன். அது உண்மைக்கு நெருக்கம். ஆயினும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகிவிடும். ஆகவே பங்குதாரர் என்றே எழுதிவருகிறேன். பங்கைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.

சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது. அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆர்க்காட்டோடு இருந்தது. சவ்வாது மலையும் அந்த வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே. நிர்வாகம் கோடு கிழித்தது. பஞ்சம் பிழைக்க நடந்த பாதை அப்படியே இருந்தது. எனவே பயன்பகிர்வு நிதியின் ஒரு பகுதி கோட்டுக்கு இப்பால் நிற்கவேண்டும் என்பதற்கு நியாயமில்லை. நாற்றங்கால், கன்று நடுதல், தீத்தடுப்பு, காவல் ஆகிய வேலைகளில் இரு மாநில மலைமக்களுக்கும் ஆண்டு முழுதும் கூலி தர அதைப் பயன்படுத்தலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி வரவேண்டிய பட்டாக்களும் வந்து சேர்ந்தால் மேஸ்திரியின் முன்பணத்துக்கு இருக்கும் கவர்ச்சி பாதியாகும்.

சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்ப்பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அக்குழு மக்களின் உயிர்ப்பன்மயப் பதிவேட்டைப் பேண வேண்டும். இங்குள்ள தோழர்கள் தத்தம் ஊராட்சியில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது, யார் யார் உறுப்பினர், ஏலப் பணத்தில் எவ்வளவு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தெலுங்கிலும் தமிழிலும் மனுவின் படிவத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் இருக்கிறது, எடுத்துச் செல்லுங்கள்.