கதவைத் திறந்து பார்ப்போம்! நம்ம வீட்டுக் கழிப்பறையை நாமே சீராக்குவோம்

(அயோத்தியாப்பட்டணத்தில் நடைபெற்ற கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முதலில் எங்கள் தப்பை ஒத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கிறோம். 1999-ல் முழு சுகாதார இயக்கம் வந்தது. 2014 அக்டோபர் 2-ல் தூய்மை பாரத இயக்கம் வந்தது. கழிப்பறை இல்லாத வீடுகளுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. எங்களைப் போன்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் கட்டச் சொன்னோம், போட்டோ எடுத்தோம், கணக்கில் சேர்த்தோம். அதற்குப் பிறகு கதவைத் திறந்து பார்க்கவில்லை.

சமீபத்தில் ஒரு அக்கா வீட்டுக்குப் போனோம். "கக்கூஸ் நல்லா இருக்குதாங்க்கா?" என்று கேட்டோம். சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்தாங்க. உள்ளே விறகு! மழை பெய்தால் குழி நிறைந்து தண்ணி மேலே ஏறுகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தரை வழுக்கி மாமியார் ஒருமுறை விழுந்துவிட்டார். "வயசுப் பொண்ணு இருக்குது, இருட்டற வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்குதுங்க" என்றாங்க. அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்த அக்கா பல வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறவர். எத்தனையோ பேர் வீட்டுக்குக் கலவை சுமந்தவர் கையில் ஒரு நாளும் யாரும் கரணையைக் கொடுத்ததில்லை. குழுவில் கடன் எடுத்து, இரண்டு உறுப்பினர்களைத் துணைக்கு வைத்து, அவரே சீர் செய்தார். குழாய் இணைப்புக்கு மட்டும் ஒரு நாள் கொத்தனார் வந்தார். அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறோம்.

1. கீழே இருப்பது குழியா, தொட்டியா?

இதுதான் முதல் கேள்வி. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தால், அல்லது துளை வைத்த உறை இறக்கியிருந்தால் அது உறிஞ்சு குழி. ஒரே குழி இருந்தால், குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இரண்டாவது குழி எடுக்கலாம். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் போதும். நடுவில் 'ஒய்' வடிவத்தில் சின்னத் தொட்டி கட்டி ஒரு வழியை அடைத்துவிட வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிறைய ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். நிறைந்ததும் வழியை மாற்றிவிட்டு, பழைய குழியை இரண்டு வருஷம் தொடாமல் விடுங்கள். மக்கி, வாடை இல்லாத எருவாகிவிடும். 2022 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒற்றைக் குழியை இரட்டைக் குழியாக மாற்ற ஒரு இயக்கமே தொடங்கியது.

நம்ம பக்கம் பாறை பூமி. பாறை வெடிப்பு வழியாக அழுக்குத் தண்ணி கிணற்றுக்குப் போய்விடும். அதனால் கிணறு, போர் இரண்டுக்கும் குறைந்தது பத்து மீட்டர் தள்ளியே குழி எடுக்கணும். தோண்டும்போதே பாறை தட்டினால், ஒன்றிய அலுவலகப் பொறியாளரைக் கேட்காமல் மேலே போக வேண்டாம்.

2. குளிக்கிற தண்ணி தனி

குளியல், துணி துவைக்கிற தண்ணியைக் கழிப்பறைக் குழிக்குள் விட்டால் குழி சீக்கிரம் நிறைந்து பொங்கும். அதைத் தனிக் குழாயில் வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள்.

3. தரை வாட்டம்

ஒரு வாளி தண்ணியைக் கொட்டிப் பாருங்கள். தேங்கினால் வாட்டம் சரியில்லை. ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும்; நாலடி அறைக்கு ஒரு அங்குலம். பழைய தரையைக் கொத்திவிட்டு, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல் போட்டுப் பூசுங்கள். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பாக விடுங்கள். ஒரு வாரம் தண்ணி காட்டினால்தான் பூச்சு வெடிக்காது.

4. சின்னச் செலவு, பெரிய நிம்மதி

உள் தாழ்ப்பாள், உயரத்தில் ஒரு ஜன்னல், ஒரு விளக்கு, துணி மாட்ட ஆணி, வயசானவர்கள் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி, மாதவிடாய்த் துணி போட மூடி போட்ட டப்பா. கழிப்பறைக்கு உயிரே இவைதான்.

ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே. செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளை எடுத்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம். லாரியை வரவழையுங்கள். குழுவின் பெயரைச் சொல்லி யார் உயிரும் போகக்கூடாது.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று சொல்வார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள் கொத்தனார் வேலை கற்று ஆயிரக்கணக்கில் கழிப்பறை கட்டினார்கள். அங்கே அவர்களை 'ராணி மிஸ்திரி' என்கிறார்கள். திருச்சியில் சுய உதவிக் குழுப் பெண்கள் பொதுக் கழிப்பறைகளையே நடத்திக் காட்டினார்கள். 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கியபோதும் "பொம்பளைங்களுக்கு வரவு செலவு தெரியுமா?" என்றுதான் கேட்டார்கள். இன்று நோட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்ய வேண்டும். பத்து வீடு என்றால் பத்து வீட்டுக் கதவையும் திறந்து பாருங்கள். எது பழுது, எவ்வளவு செலவு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். வயசுப் பொண்ணும் வயசானவரும் இருக்கும் வீட்டுக்கு முதலில் கடன் கொடுங்கள். குழுவில் சித்தாள் வேலை தெரிந்த அக்கா இருந்தால் அவர் கையில் கரணையைக் கொடுங்கள்.

விறகு வைத்திருந்த அந்த வீட்டுக்கு நாங்கள் மறுபடியும் போனோம். விறகு வெளியே தாழ்வாரத்தில் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. காத்திருந்தோம், சந்தோஷமாகவே காத்திருந்தோம்.