ஃபிரிட்ஜ் நின்றால் முதலில் கேட்க வேண்டியது

கையில் காசு குறைந்த நேரத்தில்தான் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் நிற்கும். உடனே தவணைக்குப் போகிறோம்.

2020 ஊரடங்கில் நம் ராஜபாளையம் பக்கம் மில்கள் நின்றன, சம்பளமும் நின்றது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்புதான். வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும் யோசியுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. நமக்குக் கிடைக்காமல் போகும் ரொக்கத் தள்ளுபடியும், பிராசஸிங் கட்டணமும்தான் அந்த வட்டி.

ஆகவே முதலில் மெக்கானிக்கிடம் பழுதுச் செலவைக் கேளுங்கள். அடுத்து கடையில் ரொக்க விலை. கடைசியில்தான் தவணை.